அம்மாவை டர்பனில் எங்கே உட்கார வைப்பது?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் உள்ள உம்லாங்காவில் வேலை பார்ப்பவர். ஆகஸ்ட் மாதம் ஆரணியிலிருந்து அவருடைய அம்மா மூன்று வாரத்துக்கு வருகிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு, ஆங்கிலம் தெரியாது, கோயிலும் கச்சேரியும் பிடிக்கும். கடற்கரையையும் வணிக வளாகங்களையும் விட்டால், கலை, பண்பாடு என்று டர்பனில் அவருக்குக் காட்ட என்ன இருக்கிறது என்பது கேள்வி. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது கேள்வியின் கடைசி வரி: 'அம்மா தனக்கென்று ஒரு இடத்துக்கும் போனதில்லை.' கல்யாணம், சாவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கணவரின் மருத்துவமனை என்று பிறருக்காகவே வீட்டைவிட்டு இறங்கிப் பழகியவரை, அவருக்காகவே எப்படி வெளியே அழைத்துப்போவது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இடங்களின் பட்டியல் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைத்துவிடும்.

நான் இந்த ஊரில் 22 ஆண்டுகளாகச் சுற்றுலா வழிகாட்டி. அதற்கு முன் ஒரு கோயில் பள்ளியில் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மாக்களை நிறையவே அழைத்துப்போயிருக்கிறேன். இருந்தாலும் நான் கோட்டை விட்டது என் சொந்த அம்மாவிடம். முதல் முறை வந்தபோது ஒரே நாளில் ஆறு இடங்களைக் காட்டினேன். இரவு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எங்கேயாவது உட்கார்ந்தோமா?" என்று கேட்டார். அதன் பிறகு நான் யாருக்கும் ஒரு நாளில் ஒரு இடத்துக்கு மேல் சொல்வதில்லை. அந்த ஓர் இடத்திலும் நாற்காலி எங்கே, கழிப்பறை எங்கே, எத்தனை படி என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

இன்னொன்றும் அனுபவத்தில் கற்றேன். அம்மாக்களை நாம் பெரும்பாலும் அவர்களுக்கு ஒன்றும் தெரியாத இடங்களுக்கே கூட்டிப்போகிறோம். பிள்ளை விளக்க, அம்மா தலையாட்ட, அரை மணி நேரத்தில் இருவருமே களைத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்த இடம் ஒன்று இருந்தால் அன்றைய நாளே வேறு மாதிரி போகும். டர்பன் அந்த வகையில் கொடுத்துவைத்த ஊர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். அதனால் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த பல விஷயங்கள் இந்த ஊரில் உருமாறிக் கிடக்கின்றன. அவற்றை அவரே கண்டுபிடிக்கட்டும்.

முதல் நாளுக்கு என் தேர்வு டெர்பி தெருவில் இருக்கும் 1860 பாரம்பரிய மையம். சிறிய இடம், பளபளப்பு எதுவும் கிடையாது. நான் எப்போதும் பையில் கப்பல் பதிவேட்டின் நகல் பக்கங்கள் சிலவற்றை வைத்திருப்பேன். காந்தி–லுத்துலி ஆவண மையம் என்று குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் ஒன்று இருக்கிறது, அங்கே இந்தப் பதிவுகளைப் பற்றி விசாரிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். ஒருமுறை போளூரிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டு, ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களை நான் வாசித்துக்கொண்டே போனேன். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்கள் அவை. நான் தடுமாறிய ஊர்ப் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். "அது அப்படியில்லை, எங்கள் பக்கத்து ஊர்தான், என் சித்தியைக் கொடுத்த ஊர்." பிறகு 'இடது முழங்காலில் தழும்பு' என்ற அடையாளத்துக்கு வந்தோம். வயது 19, பெண், தனியாக வந்தவர். அந்த அம்மா தாளைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி: "இவள் திரும்பிப் போனாளா?" வட ஆற்காடு ஜில்லா அந்தப் பதிவேடுகளில் அடிக்கடி வரும். உங்கள் அம்மா ஆரணிக்காரர் என்றால் இந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து வீடு திரும்பும் வழியில் காசில்லாத விளையாட்டு ஒன்று உண்டு. கடைப் பலகைகளை வாசித்துச் சொல்லிக்கொண்டே வாருங்கள்: கோவெண்டர், மூட்லி, பிள்ளே, நாயுடூ, படயாச்சி. கோவெண்டர் யார் என்று அம்மாவைக் கேளுங்கள். கவுண்டர் என்று பிடித்துவிடுவார். மூட்லி முதலியார் என்று தெரிந்ததும் சிரிப்பார். இந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் ஆயா, தாத்தா, அக்கா, அண்ணா என்ற சொற்கள் மட்டும் அவர்களுடைய ஆங்கிலத்துக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்நிய ஊரின் கடையில் ஒரு பையன் இன்னொருவனை 'அண்ணா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அம்மாக்கள் திரும்பிப் பார்ப்பதை நான் எத்தனையோ முறை கவனித்திருக்கிறேன்.

கோயில்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. எல்லோரும் முதலில் அழைத்துப்போவது உம்கேனி சாலைக் கோயிலுக்கு. நல்ல கோயில்தான், தேசிய நினைவுச் சின்னமாக 1980ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது, வளாகமும் பெரியது. உம்லாங்காவிலிருந்து பக்கம் என்று பார்த்தால் மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்டக் காலத்துப் பிள்ளையார் கோயில் இருக்கிறது, ஒரு மாலை நேரத்துக்குப் போதும். ஆனால் ஒரே ஒரு கோயில் என்றால் கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தைச் சொல்வேன். இதன் முன்னோடி 1875ஆம் ஆண்டு உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்தது. 1905ஆம் ஆண்டு வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போதிருக்கும் கட்டடம் 1940களின் பிற்பகுதியில் வந்தது. பழைய கோயிலிலிருந்து காப்பாற்றிய மரக்கதவுகளைத்தான் இங்கே பொருத்தியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வோர் இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து, சுற்றியிருந்த இந்தியக் குடும்பங்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அனுப்பிவிட்டது. வீடுகள் போயின, கோயில் நின்றது. தீமிதித் திருவிழாவுக்கு மட்டும் அந்தக் குடும்பங்கள் இன்றும் திரும்பி வருகின்றன. குடியிருந்த தெருவை இழந்தவர்கள் கும்பிட்ட இடத்தை விடாமல் வைத்திருக்கும் கதையை அம்மாவுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ஆகஸ்டின் முற்பகுதியில் வருகிறார் என்றால் ஆடி மாதம் முடிந்திருக்காது. இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை ஆங்கிலத்தில் 'போரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு, மற்றபடி வேப்பிலை, மஞ்சள், உடுக்கை எல்லாம் உண்டு. கோயில்களிலும் நடக்கும், வீடுகளிலும் நடக்கும். அலுவலகத்தில் உள்ளூர்த் தமிழ்க் குடும்பத்தவர் யாராவது இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். அம்மாவோடு வருகிறேன் என்றால் மறுக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை. ஒரு எச்சரிக்கை: அங்கே தேவாரத்தையும் அம்மன் பாட்டையும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துப் பாடுவார்கள். ழகரம், ளகரம் எல்லாம் ஒன்றாகியிருக்கும். அம்மா திருத்த ஆரம்பித்தால் மெல்லக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து தலைமுறையாக, அர்த்தம் பாதி மறந்த பிறகும், ஒலியை மட்டும் சுமந்துகொண்டு வந்தவர்கள் அவர்கள். திருத்துவதற்குப் பதில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். அம்மா பாடி முடித்ததும் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆயாக்களின் முகத்தைப் பாருங்கள்.

கச்சேரிக்கு வருகிறேன். குவாசூலு-நேட்டால் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வழக்கமான நாள் வியாழக்கிழமை மாலை. 1910ஆம் ஆண்டு கட்டிய நகர மண்டபத்தில் நடக்கும், சில நேரம் எதிரில் உள்ள பிளேஹவுஸ் அரங்குக்கு மாறும். பருவம் பருவமாக நடப்பதால் உங்கள் மூன்று வாரத்துக்குள் வருமா என்று அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேற்கத்திய இசை அம்மாவுக்குப் புரியுமா என்று தயங்குகிறீர்கள். நான் அந்த இசையில் தேர்ந்தவன் இல்லை, ஆகவே எந்த இசையமைப்பாளர் நல்லது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வயலின் தனியாக முன்னே நின்று வாசிக்கும் நிகழ்ச்சியாகப் பாருங்கள், அவ்வளவுதான். பாலுஸ்வாமி தீட்சிதர் இந்த வெள்ளைக்கார வாத்தியத்தைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த கதை கச்சேரி கேட்கும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். நம்மவர் தரையில் உட்கார்ந்து காலில் ஊன்றி வாசிப்பதை, இவர்கள் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பதே முதல் பத்து நிமிடத்துக்குப் போதுமான காட்சி. பகுதிகளுக்கு நடுவே கைதட்டக் கூடாது, தொடையில் தாளமும் போடக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவதை அவரால் நிறுத்த முடியாது, பரவாயில்லை, சத்தம் வராமல் போடட்டும். இடைவேளையோடு எழுந்து வந்துவிடலாம் என்றும் சொல்லிவையுங்கள். போய்விடலாம் என்று தெரிந்தால் அம்மாக்கள் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகஸ்ட் இந்த நாட்டில் பெண்கள் மாதம். 1956 ஆகஸ்ட் 9 அன்று கறுப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டங்களை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் ஏறத்தாழ 20,000 பெண்கள் அணிவகுத்த நாளை ஒட்டியது, அரசு விடுமுறையும் உண்டு. பிளேஹவுஸ் அந்த மாதத்தில் பெண்களின் கலைவிழா நடத்துவது வழக்கம். ஆடல், பாடல் என்று கலந்திருக்கும், மொழி தெரியாதவருக்கு நாடகத்தைவிட இது தோதுப்படும். அதே மாத இறுதியில் வரும் நவீன நடன நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் தனியாகப் போய்க்கொள்ளுங்கள்.

தாவரவியல் பூங்காவுக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். பெரியா என்ற மேட்டுப் பகுதியின் சரிவில் இருக்கிறது, 1849ஆம் ஆண்டு தொடங்கியது, ஆப்பிரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் தாவரவியல் பூங்காக்களில் மிகப் பழையது. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிடிக்கும் என்று சோதிக்க ஆரம்பித்த தோட்டம். கரும்பும் அந்தச் சோதனைகளில் ஒன்று, கரும்பு பிடித்துக்கொண்டதால்தான் கப்பல்கள் வந்தன. எல்லா மரத்தையும் காட்ட வேண்டாம். சைகாட் என்ற, பனையைப் போலத் தோன்றும் ஒன்றின் முன் மட்டும் நிறுத்துங்கள். 1895ஆம் ஆண்டு இந்தப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜான் மெட்லி வுட் ஙோயே காட்டில் கண்டெடுத்த இனம் அது. கிடைத்தது ஒரே ஒரு ஆண் மரம். பெண் மரத்தை இன்றுவரை யாரும் காணவில்லை. உலகத்தின் தோட்டங்களில் உள்ளவை எல்லாம் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை. இதைச் சொன்னதும் ஓர் அம்மா என்னிடம், "பாவம், ஒழுங்காகத் தேடினார்களா?" என்று கேட்டார். அண்மையில் ட்ரோன்களைப் பறக்கவிட்டும் தேடியிருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார். பிறகு தேநீர்த் தோட்டத்துக்குப் போய் உட்காருங்கள். ஸ்கோன் என்கிற ரொட்டி ஜாமோடு வரும். அம்மாவுக்கு யாரோ ஒருவர் மேஜைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்து, குடித்த கோப்பையையும் எடுத்துக்கொண்டு போவது சின்ன விஷயமில்லை. கோப்பையைக் கழுவப் போகிறவர் போல எழுந்தால் உட்கார வையுங்கள்.

சந்தைக்குப் போகத்தான் வேண்டும். விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாப் பொடிகளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து, பலகையில் பெயர் எழுதியிருப்பார்கள். அவற்றில் புகழ்பெற்ற ஒரு காரப்பொடியின் பெயருக்கு 'மாமியார் ஒழிப்பான்' என்று பொருள். உங்கள் மனைவியும் உடன் வருகிறார் என்றால் மொழிபெயர்க்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பழைய சந்தை 1973ஆம் ஆண்டு தீயில் போய்விட்டது, இப்போதிருப்பது பிறகு கட்டியது, சுற்றுலாக்காரர்களை எதிர்பார்த்து நிற்பது. எனக்குப் பிடித்தது அதைத் தாண்டி வார்விக்கில் உள்ள காலைச் சந்தை. அங்கே என் அம்மா அமதும்பே என்று குவித்திருந்த கிழங்கை எடுத்து, நகத்தால் தோலைக் கீறிப் பார்த்து, "சேப்பங்கிழங்குதானே, இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?" என்றார். விற்றவர் இந்தப் பகுதியின் ஜூலு இனத்துப் பாட்டி, அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஜூலு தெரியாது. விரல்களால் பேரம் நடந்தது. பாட்டி ஒரு கிழங்கை எடுத்துப் பையில் போட, அம்மா இன்னொன்றுக்குக் கையை நீட்ட, இருவரும் சிரித்துவிட்டார்கள். நான் அருகில் நின்றேன், எனக்கு வேலையே இல்லை.

அந்தப் பகுதிக்கு எச்சரிக்கை தேவை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காலையில் போய் மதியத்துக்குள் வந்துவிடுங்கள், இடம் தெரிந்த வழிகாட்டியோடு போங்கள், கழுத்துச் சங்கிலியையும் வளையல்களையும் வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வெறுங்கழுத்தோடு வெளியே வர அம்மா சம்மதிக்க மாட்டார், எனவே மஞ்சள் கயிறோ பாசிமணியோ முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இந்தச் சண்டை எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சாப்பாட்டில், பன்னி சௌ வாங்கித் தராமல் அனுப்பாதீர்கள். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவது. இதன் பிறப்பைப் பற்றிப் பல கதைகள்: பனியா என்ற இந்திய வணிகர்களின் கடையில் தொடங்கியதால் அந்தப் பெயர் என்கிறார்கள், கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் பையன்களுக்காக வந்தது என்கிறார்கள். எதற்கும் உறுதியான சான்று இல்லை, பழைய இந்தியக் கடைவீதியான கிரே தெருவோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அம்மா சைவம் என்றால் பீன்ஸ் போட்டதைக் கேளுங்கள், கால் ரொட்டி அளவே இருவருக்குப் போதும். ஸ்பூன் கேட்க வேண்டாம், கையால்தான் சாப்பிட வேண்டும். அதில் அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காதவர் என்றால் சாட்ஸ்வொர்த்தில் 1985ஆம் ஆண்டு திறந்த ஹரே கிருஷ்ணா கோயிலின் உணவகம்தான் வழி.

மழை பெய்தால், அல்லது முழங்கால் மிரட்டினால், கிளென்வுட்டில் உள்ள பான்சி அருங்காட்சியகத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். ஜூலுப் பெண்களின் மணிவேலைப்பாடுகள் அங்கே மிக அருகில் பார்க்கக் கிடைக்கும். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கை, அந்த மணிகளின் கணக்கைத் தானாக எண்ண ஆரம்பிக்கும். படிகள் உண்டு, எத்தனை என்று அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். எந்த இடமானாலும் நேரத்தை இப்படி உறுதி செய்துகொண்டே கிளம்புங்கள், இந்த ஊரில் நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். முழங்காலுக்கு எவ்வளவு நடை தாங்கும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என் அளவுகோல், அம்மா "பரவாயில்லை" என்று இரண்டாம் முறை சொன்னதும் கிளம்பிவிடுவது.

இனாண்டாவில் காந்தி 1904ஆம் ஆண்டு அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவருடைய பத்திரிகை 1903ஆம் ஆண்டு நான்கு மொழிகளில் தொடங்கியது, தமிழும் அதில் ஒன்று. 1985ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் காந்தி மீது பற்று இருந்தால் போங்கள், வழிகாட்டியோடு, காலையில். பற்று இல்லை என்றால், எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகப் போக வேண்டாம்.

மூன்று வாரத்தில் இப்படி ஏழெட்டு நாட்கள் போதும். கடைசி வாரத்தில் இரண்டு நாட்களைத் திட்டமில்லாமல் விட்டு, எங்கே போகலாம் என்று அவரிடம் கேளுங்கள். முதலில் "உன் இஷ்டம்" என்பார். மறுபடியும் கேளுங்கள், மூன்றாம் முறையில் வாயைத் திறப்பார். என் அம்மா இரண்டாவது முறை வந்தபோது நான் நாடகம், கச்சேரி என்று டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். அவர் கேட்டது சேப்பங்கிழங்குப் பாட்டியின் கடையை. போனோம். பாட்டி இருந்தார். விலை ஏறியிருந்தது. இருவரும் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார்கள். பிறகு பாட்டி ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட, அம்மா அதில் உட்கார்ந்துகொண்டார்.